படகில்லாத மோட்டார்

தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் ஒரு படகு மோட்டார் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. திண்டுக்கல்லில் படகுக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த ஊர். ஆனாலும் இருந்தது. யுத்தம் முடிந்தபின் ராணுவத்தார் ஏலம் விட்ட சாமான்களோடு எங்கிருந்தோ வந்து, பழைய இரும்புக் கடையில் வருஷக்கணக்காகக் கிடந்ததை என் மச்சான் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். மாமி மகன் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அதே அழைப்புதான். அது ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

"இதைக் கட்டிக்கிட்டு எந்தக் கடலுக்குப் போகப் போறீக?" என்றேன்.

"சிரிக்காத புள்ள. இது ஓடுனா என் கை பொழைக்கும்" என்றார்.

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை அப்படி இருந்தது. அய்யலூர்ச் சந்தையிலிருந்து வரும் ஆட்டுத்தோலை முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போடுவார்கள். எடுத்த பிறகு பெரிய தொட்டியில் போட்டு, சுண்ணாம்பு போகக் கையால் அலசி அலசிக் கழுவ வேண்டும். மீசை முளைக்காத வயதிலிருந்து அவர் அந்தத் தொட்டியில்தான் நின்றார். விரல்களெல்லாம் தடித்து, வெடித்து, சாயங்காலமானால் வெடிப்பில் ரத்தம் கசியும். ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிமேலும் சுண்ணாம்புத் தண்ணீரில் கை வைத்தால் விரலை மடக்கவே முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார்.

மச்சானுடைய அத்தா, அதாவது என் மாமனார், அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "நானும் அந்தத் தொட்டியில நின்னவன்தான்லே. மொதலாளி மகன் கரையில நின்னா எவன் உள்ள எறங்குவான்?" என்றார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. கூட நின்றவர்களின் கையெல்லாம் மட்டும் இரும்பா? ஆனால் எனக்கு அன்று என் புருஷன் கைதான் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில், "பக்ரீத் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள உன் கப்பல் ஓடலைன்னா தொட்டியில எறங்கு" என்று கெடு வைத்தார். பக்ரீத் முடிந்தால் ஊர்த்தோல் முழுக்க எங்கள் வாசலுக்கு வரும். அந்த ஒரு சீசனை மச்சான் கை தாங்காது என்பது எனக்குத் தெரியும்.

மச்சான் மோட்டாரைத் தொட்டியின் சுவரில் திருகி மாட்டினார். அதன் விசிறி தண்ணீருக்குள் சுற்றும். தோல் விசிறியில் சிக்காமல் இருக்க நடுவில் ஒரு மூங்கில் தட்டி. மோட்டார் ஓடினால் தண்ணீர் சுழன்று சுழன்று தானே தோலை அலசும், கை வைக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. ஓடினால்தானே! கயிற்றைச் சுற்றி இழுப்பார், அது ஒரு இருமல் இருமும், பிறகு கல்லாட்டம் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்துவைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பொறி வரவில்லை. மேலே இருந்த கனத்த சக்கரத்தின் அடியில் கையைவிட்டு, மிளகளவு இரண்டு இரும்புப் பொட்டுகளைக் காட்டினார். அவை ஒட்டி ஒட்டிப் பிரியும்போதுதான் பொறி பிறக்குமாம். "பாயின்ட் கருத்துப்போச்சு பாய். தெனம் ஓட்டுறதுக்கு முன்னாடி நல்லாத் தேய்ச்சுப்புடுங்க" என்றவர், தானே உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். மோட்டார் ஒரே இழுப்பில் அலறிக்கொண்டு ஓடியது. தொட்டித் தண்ணீர் கொதிக்கிற உலைபோலப் பொங்கியது. மாமனார்கூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, மெக்கானிக் சொன்னபடியே தேய்த்துவிட்டு இழுத்தார். ஒன்றுமில்லை. தோள் வலிக்க இழுத்தும் ஒன்றுமில்லை. பகல் சோறு தின்றுவிட்டுப் போய், சும்மா ஒருமுறை திரும்பவும் தேய்த்துவிட்டு இழுத்தார். ஓடியது!

அன்றிலிருந்து பிடித்தது எங்களுக்குக் குழப்பம். காலையில் செத்துக் கிடக்கும், பகலில் திரும்பத் தேய்த்தால் பிழைத்துக்கொள்ளும். பகலில் ஓடி என்ன பிரயோஜனம்? வெயில் ஏறுவதற்குள் அலசி முடிக்காவிட்டால் தோல் கெட்டுவிடும். புது பிளக் போட்டார். வயரை மாற்றினார். பனி இறங்குகிறது என்று யாரோ சொல்ல, ராத்திரி கம்பளி போர்த்தினார். என் கல்யாணக் கம்பளி அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வேளை அவரோடு பேசவில்லை. கம்பளி போர்த்தியும் காலையில் அதே கதைதான். மெக்கானிக் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் தொட்டால் காலையிலும் ஓடியது. "என் கைராசி பாய்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இன்னும் குழப்ப ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஷாப் லீவு. மச்சான் காலையிலேயே சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஜும்மாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி நின்றவர், மனசு கேட்காமல் போய்த் தேய்த்து இழுத்தார். ஓடிவிட்டது. மாமனார், "வெள்ளிக்கிழமை பரக்கத்து" என்றார். சனிக்கிழமை காலை பழையபடி கல்.

"மோட்டாருக்கு வெள்ளி சனி தெரியுமா மச்சான்? அதென்ன அஞ்சு நேரம் தொழுவுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்ரீத்துக்குப் பிறை தெரிந்துவிட்டிருந்தது. இன்னும் பத்தே நாள்.

விஷயம் என் அடுப்படியில் பிடிபட்டது. ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு அவர் கைக்குப் புங்கெண்ணெய் சூடாக்கித் தேய்த்துத் துணி சுற்றிவிடுவது என் வேலை. அன்றைக்கு என் எண்ணெய்க் கையோடே விளக்குத் திரிக்காகத் தீப்பெட்டியை எடுத்திருக்கிறேன். விடிந்து அடுப்புப் பற்றவைக்கப் போனால் குச்சி உரசிப் பிடிக்கவில்லை. இரண்டு, மூன்று குச்சி போயிற்று. பெட்டியின் பக்கத்தைப் பார்த்தேன். எண்ணெய் விரல் பட்டு மருந்து மினுமினுத்தது.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஷாப்புக்குள் ஓடினேன். ஆட்கள் வருகிற நேரம் என்றுகூடப் பார்க்கவில்லை. மச்சான் அந்த இரும்புப் பொட்டைக் கழற்றித் தேய்த்து முடித்திருந்தார். தேய்த்தவர் அதை அப்படியே மாட்டவில்லை. தோல் சுரண்டி முடித்தவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். வழவழப்பு வந்துவிட்டதா என்று விரல் நுனியால் ஒருமுறை, இருமுறை, திரும்பத் திரும்பத் தடவினார். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய விரல்! காலையில் தொழுகைக்கு முன்னே ஒளு செய்யும்போது வெறும் தண்ணீர்தான் பட்டிருக்கும். பகலில் சோற்றில் கைவைக்கும் முன்பு ஷாப் வாடை போகச் சீயக்காய் போட்டுக் கழுவுவார். வெள்ளிக்கிழமை காலையிலேயே குளியல்.

"தடவாதீக!" என்று கத்தினேன். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, என் முந்தானையில் துடைத்து, உப்புத்தாளால் நானே தேய்த்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்து ஒரு துணியால் மாட்டச் சொன்னேன். இழுத்தார். காலை வெயில் வருமுன்னே மோட்டார் ஊரைக் கூட்டியது.

எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. வாய் நிற்கவில்லை. "எண்ணெய்க் கையால பொறி எப்படி வரும்? அந்த ஒரு தடவு தடவாட்டி என்ன? அம்புட்டு வழவழன்னு ஆயிருச்சான்னு விரல்ல தெரியலையாக்கும், மறுபடி மறுபடி தடவுறீக?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். ஆட்கள் யாரும் இன்னும் உள்ளே வரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"தெரியல புள்ள" என்றார். "விரல்ல ரொம்ப நாளா ஒண்ணும் தெரியல. தோலுகூட அத்தாகிட்ட கண்ணாலதான் பார்த்துச் சொல்றேன். அவருட்ட சொல்லிப்புடாத."

மோட்டாரின் குழப்பம் தீர்ந்த அதே நிமிஷத்தில் எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் பிடித்துக்கொண்டது. சமாதானம் சொல்வதா, அழுவதா, இத்தனை நாள் என்னிடமே மறைத்ததற்குச் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. தினமும் ராத்திரி அந்தக் கையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தவள் நான். சூடு போதுமா என்று கேட்டால், போதும் போதும் என்பார். அதுவும் பொய்தான். வீட்டுக்குள் போய்விட்டேன்.

பக்ரீத் தோல் மலையாக வந்தது. நான் விடியுமுன் கொல்லைக் கதவு வழியாகப் போய்ப் பாயின்ட் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் வருமுன் திரும்பிவிடுவேன். மோட்டார் ஓடியது. அவர் கை தண்ணீரில் படவில்லை, மற்றவர்கள் கையும்தான். மாமனார் ஒரு வார்த்தை பாராட்டவில்லை, தொட்டியில் இறங்கு என்றும் சொல்லவில்லை. வெடிப்புகள் மூடின. காய்ந்த தோல் உரிந்து, குழந்தைக்கு வருவது மாதிரி இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. உணர்ச்சி வந்ததா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மழை பிடித்திருந்த ஒரு நாள். கிணற்றடியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவருக்குச் சோறு வைத்தேன். வெஞ்சனம் பரிமாற நீட்டிய என் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். மாமியும் மாமனாரும் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கையை இழுத்தேன், விடவில்லை.

"இந்தா புள்ள," என்றார், "ஒன் வளையல் சில்லுன்னு இருக்கு."