சின்ன மாமாவின் குரல் வரும் வேகம்

முதலில் ஒரு முனகல், பிறகு வயிறு இரைவதுபோல் ஒரு சத்தம், அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரெனானில் எங்கள் தொலைக்காட்சிக்குக் கீழே கிடந்த பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி சீடியை வாசிக்கும் அழகு அதுதான். நான் காலை உதைத்துக் கத்துவேன். "பொறு பிள்ளை, வாசிக்குதெல்லே," என்பார் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. போர் முடிந்த 2009இல் வந்து, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக எங்கள் சோபாவில் படுத்துக் காத்திருந்தவர்.

யாழ்ப்பாணத்தில் கணினி படித்தவருக்கு இங்கே "கோப்பை கழுவுகிற" வேலை. அப்பாவும் அம்மாவும் விடியமுன் துப்புரவு வேலைக்குப் போய்விடுவதால், நான் தனியே பள்ளிக்கூடம் போகப் பழகவேண்டுமென்று அவரே ஒரு விளையாட்டை எழுதிச் சீடியில் அடித்துத் தந்தார். திரையில் எங்கள் தெரு, பேருந்துத் தரிப்பிடம், பனி குவிந்த கடவைகள். ஒவ்வொரு கடவையிலும் அவர் குரல்: "நில்லு. ரெண்டு பக்கமும் பார். இப்ப போ." பள்ளி வாசலிலும் ஏதோ சொல்வார்; அது மட்டும் எனக்கு நினைவில்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டு, ஒரு காலை பொலிஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது. கொழும்பில் இறங்கி ஒருதரம் பேசினார், "வந்திட்டன் அக்கா" என்று. பிறகு எந்த நம்பரும் வேலை செய்யவில்லை. பெட்டியும் செத்தது. அவர் குரல் வீட்டில் வேறெதிலும் இல்லை.

இப்போது நான் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். அதே வகைப் பெட்டியொன்றைத் தேடி வாங்கினேன். வீட்டில் அடித்த சீடியை அது ஏற்க மறுத்தது; எங்களுடையதைப்போல் மாமா கைவைத்து மாற்றிய பெட்டியல்ல அது. ஆகவே அந்தப் பெட்டியைப்போல் நடிக்கும் நிரலொன்றைக் கணினியில் ஓட்டினேன். கடவை வந்தது, குரலும் வந்தது: "போ." அவ்வளவுதான். எல்லாக் கடவையிலும் "போ", "போ". அம்மா காதைப் பொத்திக்கொண்டு சமையல் நடக்கும் "குசினி"க்குள் போய்விட்டார்.

கோளாறு மாமா எழுதியதில்தான். குரல் துண்டுகள் வந்து தங்க நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தார். முன்னது ஒலித்து முடிந்ததா என்று பார்க்கவேயில்லை. பெட்டியின் ஒளிக்கண் சீடியில் அடுத்த துண்டைத் தடவி எடுப்பதற்குள் அவர் நிதானமாகப் பேசி முடித்துவிடுவார் என்ற நம்பிக்கை. என் கணினியோ கேட்டவுடன் கொண்டுவந்து கொட்டி, முன்னதை அழித்துவிடுகிறது.

ஆகவே தாமதத்தை நான் செய்யவேண்டியிருந்தது: கண் நகரும் நேரம், தட்டு வேகம் பிடிக்கும் நேரம், வாசிக்கத் தவறி மறுபடி வாசிக்கும் நேரம். கையேட்டுக் கணக்கில் "பார்" பாதியில் முறிந்தது. எங்கள் பெட்டியோ தேய்ந்து, இன்னும் மெதுவாக வாசித்த பெட்டி. அந்தத் தேய்வு எந்தக் கையேட்டிலும் இல்லை. ஊகித்து ஊகித்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் பைத்தியம்போல் அலைந்தேன். எனக்கு அவர் வேண்டும், ஒரு வசனமாவது முழுதாக வேண்டும். "போன ஆளைக் கொம்பியூட்டருக்குள்ள தேடாதை," என்று அம்மா அழுதார்.

இன்றைய விளையாட்டுகள் தொட்டவுடன் திறக்கின்றன. அந்த முனகல் எந்த வீட்டிலும் கேட்பதில்லை. போன ஞாயிறு, தாமதத்தை இன்னும் நீட்டிப் பார்த்தபோது, கடவைகள் ஒவ்வொன்றும் முழுதாகப் பேசின. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார். பள்ளி வாசல் வந்தது.

"கெட்டிக்காரப் பிள்ளை. பின்னேரம் மாமா கூட்டிக்கொண்டு போக வருவன், என்ன?"

"ஓம் தம்பி," என்றார் அம்மா, திரையைப் பார்த்து.