ஆறு மணி ஆஜர்

திண்டுக்கல்லில் எங்கள் வாசலுக்குக் காலையில் முதலில் வருபவர் பால்காரர் அல்ல. ஆறு மணிக்கு ஓர் ஆள் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே, "சந்தானம்!" என்று என் கணவரைப் பட்டாளக் குரலில் கூப்பிடுவார். உள்ளே பாயில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் இவர் "ஆஜர்" என்பார். "செரி, நாளைக்கு வாரேன்" என்று சைக்கிள் போய்விடும். காபி வேண்டாம், உட்காரவும் வேண்டாம். இன்னும் ரங்கூனிலேயே இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து எந்த ஊரிலோ வாடகை வீட்டில் ஒண்டியிருக்கும் உங்களுக்கும் இதைப் படித்ததும் என்ன தோன்றுமோ, அதேதான் எனக்கும் தோன்றியது. யாரோ நம்மை வேவு பார்க்கிறார்கள்.

நான் ரங்கூனில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம். இவர் திண்டுக்கல் பக்கத்து எரியோட்டுக்காரர். யுத்தத்தில் பட்டாளத்தோடு பர்மாவுக்கு வந்தவர், சண்டை முடிந்து கூட்டாளிகள் ஊர் திரும்பியபோது அங்கேயே தங்கி, என்னைக் கட்டிக்கொண்டு, துணிக்கடை வைத்தார். அறுபத்து நான்கில் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது எங்கள் கடையும் பறிபோயிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் இப்படித்தான் ஒருவர் வாசலில் நின்று வீட்டில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டார். பணிவாகத்தான் கேட்டார். நானும் 'சயா, சயா' என்று மரியாதையாக அழைத்து, காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மொஹிங்காவில் ஒரு கிண்ணமும் கொடுத்து, எல்லாப் பெயரையும் ஒப்பித்தேன். மறுவாரம் கடைக்குப் பூட்டு. வாசலில் நின்று பெயர் கேட்பவனிடம் ஆள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது.

திண்டுக்கல்லில் வந்தவர்கள் இரண்டு பேர், முறை வைத்து. ஒருவர் காசிம் ராவுத்தர், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. இன்னொருவர் பெருமாள், சின்னாளபட்டி நெசவாளி, சுங்குடிப் புடவை மூட்டையோடு வருவார். இருவரும் இவரோடு பட்டாளத்தில் இருந்தவர்களாம். அந்த 'ஆம்' என்னுடைய சந்தேகம். ஒருநாள் இவருடைய மெடல் வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தால், காலி. கேட்டதற்கு, "காசிம்ட்ட குடுத்துட்டேன். எனக்கு எதுக்கு இனிமே?" என்றார். முதல் வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. இரண்டாவதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். அடுத்தது சவரக்கத்தி. "சாணை பிடிச்சுக் கொண்டாறேன் தங்கச்சி" என்று ராவுத்தர் வாங்கிப்போனதோடு சரி, திரும்பி வரவில்லை. அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாவிதர் தாமாகவே வந்து, இவருக்குச் சவரம் செய்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார். கூலி வாங்காத மனுஷனை நம்பலாமா? இவர் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததைக் கப்பல் அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன். என் சந்தேகமெல்லாம் வாசலைப் பார்த்தே இருந்தது, பாயைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் துணிந்துவிட்டேன். இவர் படுத்திருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு, ஆறு மணிக்கு நானே வாசலில் போய் நின்றேன். ராவுத்தர் வாயைத் திறப்பதற்குள் வெடுக்கென்று சொன்னேன்.

"அவரு போயிட்டாரு."

ராவுத்தரின் கால் பெடலிலிருந்து நழுவியது. "எப்பம்மா?"

"விடியறதுக்குள்ள."

"யாரு பாத்தது?"

என்ன விசாரணை இது என்று எனக்கு எரிச்சல். "நான்தான் பாத்தேன். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. இனிமே இங்க வந்து கூப்புடாதீங்க."

சைக்கிள் சாய்ந்து விழுந்தது. அந்தப் பெரிய மனிதர் தெருமண்ணில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே சந்தானம், நேத்துக்கூட ஆஜர் சொன்னியேலே! அம்புட்டுப் பேரு இருந்தும் ஒன்ன விட்டுட்டோமேலே!" சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். உள்ளே இவருடைய மெடல்கள். "ஒங்கிட்டத் திருப்பிக் குடுக்கத்தானடா தெனமும் கொண்டாந்தேன்" என்று அதைப் பார்த்து அழுதார்.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. இரண்டு மாதமாகத் தாமாக வாசலுக்கு வராதவர், கலைந்த தலையோடு நிலையைப் பிடித்து நின்று, "ஆஜர்" என்றார். ராவுத்தர் எழுந்து இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பிறகு கட்டிக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள்தான் என்னைத் திட்டினாள். "வெளிய போயிருக்காருன்னு சொல்லணும்மா. போயிட்டாருன்னா செத்துப்போனதுல்ல!" என் ரங்கூன் தமிழில் இரண்டும் ஒன்றுதான்.

அதற்கப்புறம்தான் ராவுத்தர் விஷயத்தைச் சொன்னார். முந்தின வருஷம் வேடசந்தூர்ப் பக்கம் அவர்களுடைய கூட்டாளி ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். "ஒரு வாரம் முன்னாடி எங்கூட டீ குடிச்சான் தங்கச்சி. வாச்சைக் கழட்டி, 'நீ வச்சுக்க'ன்னான். நானும் இளிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன். ஏன்டா குடுக்குறேன்னு ஒரு வார்த்தை கேக்கல." அதன் பிறகு எரியோட்டிலிருந்து கன்னிவாடி வரைக்கும் இருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடிப் பேசி, மனம் விட்டுப்போனவன் குரலைத் தினமும் காலையில் யாராவது ஒருத்தர் கேட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சங்கமும் இல்லை, போர்டும் இல்லை. இவர் மெடலை நீட்டிய அன்றே ராவுத்தருக்குப் புரிந்துவிட்டது. "ஒங்ககிட்டச் சொன்னா பயந்துருவீக, அவனும் வெக்கப்படுவான்னு விட்டுட்டோம். தப்புத்தான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? பக்கத்தில் படுத்திருந்தவள் நான். அன்று இவரிடம் நேராகவே கேட்டேன், அப்படி ஒரு எண்ணம் இருந்ததா என்று. ஆமென்று தலையை ஆட்டினார். "எனக்காக ஒருத்தன் தெருவுல உக்காந்து அழுவான்னு நெனைக்கல மரகதம்" என்றார். இருவரும் வெகுநேரம் அழுதோம். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பெருமாள் தம்மோடு புடவை விற்க இவரைக் கூட்டிப்போகத் தொடங்கினார். சில நாள் போவார், சில நாள் பாயிலேயே கிடப்பார்.

நான் பொய் சொன்னதற்கு மறுநாளும் ஆறு மணிக்கு ராவுத்தரே வந்தார். "சந்தானம்!" "ஆஜர்." சைக்கிள் நகரவில்லை.

"தங்கச்சி, ஒங்க பேரென்ன?"

"எதுக்கு?" என்றேன். பழக்கம் போகுமா?

"நீங்களும் இருந்த எடத்தை விட்டுட்டு வந்தவகதானே. ஒங்களையும் ஒருத்தர் கூப்புடணும்ல."

இந்த ஊரில் அதுவரை யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. ரங்கூன்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். சொன்னேன். தெரு முழுக்கக் கேட்கும்படி "மரகதம்!" என்று கூப்பிட்டார். ஆஜர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ரங்கூன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் வாசிக்கும்போது எழுந்து நின்று சொல்வது: "ஷிபாதே." இருக்கிறேன் என்று அர்த்தம். ராவுத்தர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "செரி, நாளைக்கு வாரேன்" என்று சைக்கிளை மிதித்தார்.