கடலோரம் நின்ற மிலிட்டரிக் கல்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். அப்போது நான் கூவத்தூருக்குக் கிழக்கே ஒரு கடலோரக் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். அன்று சாயங்காலம் புயல் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்று டிவியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருங்குழியில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியும்போதே கிளம்பி வந்துவிட்டேன். மீனவர் குப்பத்தில் ஓர் ஆள் விடாமல் எல்லோரையும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை.

மத்தியானத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். பாய், பாத்திரம், கோழி, ஆடு என்று பள்ளிக்கூடமே சந்தையாக இருந்தது. ஒரே ஒருவரைத்தான் காணோம். அறுபது வயதைத் தாண்டிய மீன்காரம்மா அவர். அவருடைய சின்ன மகன் முழுக்க நனைந்தபடி என்னிடம் ஓடிவந்தான்.

"மேடம், அம்மா கல்லாண்ட போயி குந்திகினு கீது. கூப்ட்டா வரமாட்டேங்குது."

எந்தக் கல் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. குப்பத்தின் கடைசியில், வலைக் கொட்டகையைத் தாண்டி, கடலைப் பார்த்து ஒரு கருங்கல் பலகை நின்றது. தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் அதன்மேல் ஒரு தொப்பியும் செதுக்கி, கீழே ஒரு சிப்பாயின் பெயரையும் படைப்பிரிவையும் எழுதியிருந்தார்கள். ஊரில் அதற்கு மிலிட்டரிக் கல் என்று பெயர். அந்த அம்மாவின் மூத்த மகன் அவன். வடக்கே எல்லையில், பனிமலையில் காவலுக்கு நின்றபோது பனி சரிந்து போய்ச் சேர்ந்தவன். எவ்வளவு தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவனுடைய துணிமணிகளும் ஒரு தேசியக் கொடியும்தான் வீட்டுக்கு வந்தன. எரிக்கவோ புதைக்கவோ எதுவும் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு இந்தக் கல்தான் எல்லாமும். பட்டாளத்துக்குத் தேர்வாகும் பக்கத்து ஊர்ப் பையன்கள்கூட ரயிலேறும் முன் இங்கே வந்து ஒரு மாலை போட்டுவிட்டுப் போவார்கள்.

கல்லை நட்டபோது கடல் வெகுதூரத்தில் இருந்ததாம். கரை வருடா வருடம் அரித்து அரித்து, நான் அந்த ஊருக்கு வந்த சமயத்தில் அலை அதன் காலடிக்கே வந்துவிட்டிருந்தது.

நானும் அந்தப் பையனும் ஓடினோம். காற்று எங்களைப் பின்னால் தள்ளியது. முகத்தில் மணல் ஊசி ஊசியாகக் குத்தியது. அந்த அம்மா கல்லோடு முதுகைச் சேர்த்துக்கொண்டு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வோர் அலையும் அவர் முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. மேடைக்கு அடியில் பாதி மணல் போய், ஒரு பக்கம் வெறும் பொந்தாக இருந்தது.

"அம்மா, எழுந்து வாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க நிக்கவே முடியாது" என்றேன்.

"நீ போம்மா. அங்க கொயந்த குட்டிங்க கீதுங்க, அதுங்கள பாரு."

"நீங்க வராம நான் போகமுடியாது."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவன மலையில வுட்டுட்டு வந்துட்டாங்க. எடுக்க முடியலன்னாங்க. இங்கயும் வுட்டுட்டு வான்னு சொல்றியா?"

பையன் தாங்காமல், "அது கல்லும்மா" என்று கத்திவிட்டான்.

"உனுக்குக் கல்லு" என்றார். அவ்வளவுதான்.

போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினேன். கெஞ்சினேன். இரண்டும் பலிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று பையன் அவர் தோளைப் பிடித்தான். அவர் இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பெரிய அலை ஒன்று வந்து அடித்ததில், மேடை எங்கள் கண்ணெதிரே ஒரு பக்கமாக இறங்கியது. சிமெண்டில் விரிசல் விழும் சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது.

கல் வந்தால்தான் இவர் வருவார் என்று எனக்குப் புரிந்தது. படகுகளைக் கரையேற்ற அந்தக் குப்பத்தில் ஒரு டிராக்டர் உண்டு. அதன் ஓட்டுநர் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் இருந்தார். போன் போட்டேன்.

"இன்னா மேடம் வெளையாட்றீங்களா? வண்டியோட நானும் போயிடுவேன்" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு கல்லுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை என்று அந்த மழையில் நின்றபடியே யோசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. அவரேதான். கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "வூட்டுக்காரி சாவிய கையில குடுத்துட்டா மேடம். போவலன்னா மூஞ்சில முழிக்காதன்னுட்டா."

வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் தரை கெட்டியாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, படகு இழுக்கும் தடிக்கயிற்றை எடுத்துப் போட்டார். நான் அந்த அம்மாவிடம் போய், "கல்லைக் கட்டி இழுக்கப்போறோம். நீங்க வண்டிகிட்ட போனாத்தான் கட்டுவோம்" என்று கறாராகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லின் மேல் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

பையன் கல்லைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினான். மறுமுனையை வண்டிக் கொக்கியில் மாட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டு நடந்தேன். நடுவில் கயிறு சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. பின்னாலிருந்து அலை வந்ததை நான் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீர் என்னைச் சுற்றிச் சுழன்றது. அது திரும்பும்போது கயிற்றின் ஒரு சுருள் என் கெண்டைக்காலைச் சுற்றிச் சிக்கியிருந்தது. அதே அலை மேடைக்கு அடியில் மிச்சமிருந்த மணலையும் உருவிக்கொண்டு போனது. கல் கடல் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு மேடையோடு சரிந்தது.

கயிறு விறைத்து என் காலை இறுக்கியது. குப்புற விழுந்தேன். கல் உள்ளே போகப் போக நானும் அதன் பின்னால் இழுபட்டேன். வாயெல்லாம் மணலும் உப்புத் தண்ணீரும். பையன் பாய்ந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். டிராக்டர் ஓட்டுநர் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார். என் மகள் முகம்தான் மனதில் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அவருக்கு முன்னால் அந்த அம்மா வந்துவிட்டார். மகனின் இடுப்பில் செருகியிருந்த வலைக் கத்தியை உருவினார். தண்ணீரில் கல்லின் தலைப்பகுதி மட்டும், அந்தத் தொப்பி செதுக்கிய இடம் மட்டும், இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இறுக்கிப் புடிடா அவள" என்று மகனிடம் சொல்லிவிட்டு, என் காலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கயிற்றை அறுக்க ஆரம்பித்தார். தடிக்கயிறு, ஒரு வெட்டில் போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு புரி புரியாக அறுத்தார். கடைசிப் புரி அறுந்ததும் கயிறு பாம்பு மாதிரி துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது. அடுத்த அலை வடிந்தபோது அங்கே கல் இல்லை.

என்னை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கயிறு உரசியதில் என் கால் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. அந்த அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னாலதாம்மா..." என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கட்டுக்கு முடிச்சுப் போட்டபடி மெதுவாகக் கேட்டார்:

"அங்க மலையில எம்புள்ளயயும் யாராச்சும் இப்புடிப் புடிச்சி இஸ்த்திருப்பாங்க இல்ல?"

"இழுத்திருப்பாங்கம்மா. கண்டிப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அழுதார். பள்ளிக்கூடம் வரும்வரை அழுதார். அவர் மகன் அவரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றைய புயலில் குப்பத்தில் பல வீடுகளின் கூரை போயிற்று, படகுகள் உடைந்தன. ஆள் சேதம் இல்லை. சில மாதம் கழித்து, மூத்த மகனோடு பணியாற்றிய சிப்பாய்கள் விடுமுறையில் வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து பள்ளிக்கூட வாசலில் புதுக்கல் ஒன்றை நட்டார்கள். அங்கிருந்து கடல் தெரியாது. திறப்பன்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். எல்லோரும் மாலை போட்டு முடித்தபின், "நீயும் போடு, நீயும் அவனுக்கு வேண்டியவதான்" என்று ஒரு முழம் சாமந்தியை என் கையில் கொடுத்தார்.

இப்போது அச்சரப்பாக்கம் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். புயல் முடிந்த மறுநாள் மேலிடத்துக்கு "உயிர்ச்சேதம் இல்லை" என்று நான்தான் தகவல் சொன்னேன். அந்த ஒரு வரிக்காக ஒரு தாய் தன் மகனை இரண்டாவது தடவையும், இந்த முறை தன் கையாலேயே, விட்டுக்கொடுத்தார் என்பதை அதில் சொல்ல இடமில்லாமல் போனதால்தான் இத்தனை நாள் கழித்து இங்கே சொல்கிறேன்.