கழுவிய கானும் திலாப்பியாக் குஞ்சுகளும்

என் மனைவி றுக்ஷானாவை யாராவது "மீன் டொக்டர்" என்று கிண்டலடித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு மட்டுந்தான். நான் நவ்பர். முள்ளியவளையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அவள் மீன்களை ஆராய்ச்சி செய்கிறாள்.

உடையார்கட்டுக் குளத்தில் மீன்குஞ்சு அருகிப்போயிருந்தது. வாய்க்கால் கரையில் அடிக்கும் களைகொல்லிதான் மீனின் ஹோர்மோனைக் குழப்புகிறது என்று இவளுக்குச் சந்தேகம். அங்குள்ள விவசாயிகளின் தலைவர் சுடலைமுத்து சிரித்துவிட்டார்.

"ஏம்மா, மருந்து புல்லுக்கு அடிக்கிறது. மீனை என்ன செய்யும்? நிரூபிச்சுக் காட்டுங்க, அடுத்த போகமே நிப்பாட்டுறோம்."

இவளுக்கு அது போதாதா! எங்கள் வீட்டுப் பின் வளவில் சீமெந்துத் தொட்டிகள் எழும்பின. ஒரு பக்கம், வாய்க்காலில் இருக்கிற அளவுக்குக் களைகொல்லி கலந்த தண்ணீர். மறு பக்கம், எங்கள் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் திலாப்பியா மீன். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும், அதுவரை ஒன்றும் தின்னாது. "உங்களால ஏலுமோ, சாப்பிடாமல் இருக்க?" என்று என்னைக் கேட்பாள். நோன்பு பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது!

பொரித்த குஞ்சுகளை வளர்த்து, அவையும் குஞ்சு பொரிக்குமா என்று பார்த்தாள். களைகொல்லித் தொட்டிக் குஞ்சுகள் வளர்ந்தும் மலடாகவே நின்றன. அதுவரை சரி. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவற்றிலும் பாதி அப்படியே! நல்ல தண்ணீரிலும் இந்தக் கதி என்றால் களைகொல்லியை எப்படிக் குற்றம் சொல்வது? "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சுடலைமுத்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். றுக்ஷானா குறிப்புக் கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

ஒரு நாள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூ எடுக்க, குசினி வாசலில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைத் தூக்கினேன்.

"வையுங்கோ அதை!" என்று றுக்ஷானா கத்தினாள். "இது என்ன கான்?"

"பழைய களைகொல்லி மருந்துக் கான்தான். நீதானே புளியும் மணலும் போட்டு உரஞ்சிக் கழுவினனி?"

எங்கள் பக்கத்தில் வெறும் மருந்துக் கானை எறிகிற வீடு உண்டா? கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணீர் பிடித்து வைப்போம். தொட்டிகளுக்கும் அவள் அந்தக் கான்களில் நிரப்பி வைத்த தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறாள். தலையில் கை வைக்கப்போகிறாள் என்று பார்த்தால், துள்ளிக் குதித்தாள்.

"யா அல்லாஹ்! கழுவின கானில ஒட்டின மிச்சமே இந்த வேலை செய்யுதெண்டால், நேரே அடிக்கிற மருந்து என்ன செய்யும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!"

முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை வாளியால் நேரே அள்ளிய கிணற்றுத் தண்ணீருக்கும் தனித் தொட்டி. வாளித் தண்ணீர் மீன்களின் பேரக்குஞ்சுகள் தொட்டி நிறைய மொய்த்தன. கான் தண்ணீரில் அதில் பாதிதான். களைகொல்லித் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. சந்தோசத்தில் நான் கடையைப் பூட்டிவிட்டுத் தொட்டியடியிலேயே கிடந்தேன்.

உடையார்கட்டில் கூட்டம் வைத்தார்கள். அவள் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் சுடலைமுத்து எழும்பினார்.

"இது மீன் கதை. மனுசனுக்கு என்ன?"

"ஐயா, மனுசரில நான் சோதிக்கேல்ல. ஆனால் உங்கட காலடியில இருக்கிற அந்தக் கான் எங்கேயிருந்து வந்தது?"

அவர் குனிந்து பார்த்தார். கூட்டத்துக்கென்று அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிதண்ணீர், கழுவிய மருந்துக் கானில், அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலையிலிருந்து அவருடைய பேரப்பிள்ளைகளும் அதில்தான் குடித்திருந்தார்கள்.

அவர் கானை வெளியே தூக்கிப்போய்க் கவிழ்த்துவிட்டு வந்து, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுறோம். மீன் டொக்டர் சொன்னா சரிதான்."

எல்லாக் கைகளும் எழும்பின. நான் விசிலடித்தேன். அப்படிக் கூப்பிடும் உரிமையை அன்றைக்கே அவருக்கும் கொடுத்துவிட்டேன்.