ஸ்டெல்லா டீச்சர் மேல் மண் சரிந்த ஞாயிறு

குழியின் பக்கச் சுவர் சரிந்தபோது நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். அரிசி மூட்டையைத் தரையில் போட்டதுபோல் தொப்பென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், குழிக்குள் குந்தி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சரின் தலையும் ஒரு கையும்தான் தெரிந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. தொல்பொருள் ஆபீஸில் நான் டிராப்ட்ஸ்மேன். நகரத்துக்கு வெளியே, ஜாலஹள்ளி தாண்டி ஒரு செம்மண் மேட்டில், வேட்டையாடிப் பிழைத்த ஆதி மனிதர்கள் செதுக்கிய நகத்தளவு வெள்ளைக்கல் சில்லுகள் கிடைத்தன. ட்ரெஞ்ச், அதாவது ஆய்வுக் குழி, போட்டோம். ஆட்கள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ஜனங்கள் தாமாகவே வந்து உதவினார்கள். காக்ஸ் டவுனில் காலைப் பூசை முடிந்த கையோடு டீச்சர் பஸ் ஏறிவிடுவார். ஸ்ரீராம்புரத்திலிருந்து மில் தொழிலாளி முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும் வருவார்கள். கன்னியம்மாவுக்குச் சல்லடை வேலை.

முந்தின நாள் மழை. காலையில் வெயில் அடித்ததும் மண் காய்ந்துவிட்டது என்று நினைத்தோம். மேலேதான் காய்ந்திருந்தது.

கையால் தோண்டியது

முனுசாமி மண்வெட்டியோடு குதிக்கப் போனார். எங்கள் ஆபீசர் கன்னடக்காரர், கத்தினார்: "மண்வெட்டி பேடா, வேணாம்! கால்ல பட்டுடும். கையால எடுங்க. மத்தவங்க ஓரத்துல நிக்காதீங்க, ஹிந்தே ஹோகி, பின்னால போங்க!"

முனுசாமியும் நானும் இறங்கினோம். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. மண் நெஞ்சை அழுத்தியதால் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"சார்... மூச்சு... இழுக்க முடியல."

"பேசிக்கினே இரு டீச்சரம்மா," என்றார் முனுசாமி. "உங்க கிளாஸ்ல ரொம்ப வாலு யாரு, சொல்லு!"

"எல்லாருமே..." என்றார் டீச்சர்.

முதலில் நெஞ்சைச் சுற்றி அள்ளினோம். கன்னியம்மா மேலே குப்புறப் படுத்து, நாங்கள் நீட்டிய சட்டிகளை வாங்கிப் பின்னால் கொடுத்தார். ஈரச் செம்மண் பிசினாக ஒட்டியது. நெஞ்சு விடுபட்டதும் டீச்சர் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நானும் மூச்சுவிட்டேன்.

கால் வருவதற்கு இன்னும் நேரம் பிடித்தது. வெளியே தூக்கிப் படுக்க வைத்தோம். "விரலை ஆட்டு தாயி," என்றார் கன்னியம்மா. விரல்கள் ஆடின. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. ஆபீசர் வரப்பில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னபோது முனுசாமி அவரைக் கும்பிட்டுவிட்டார்.

அப்பா வந்தார்

அந்த வாரமே டீச்சரின் அப்பா ஆபீஸுக்கு வந்தார். ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், கண்டிப்பானவர் என்று கேள்வி. பொதுமக்களை இனிமேல் சேர்க்கக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிடுவாரோ என்று பயந்தோம். ஆபீசரே எழுந்து நாற்காலி போட்டார்.

அவர் உட்காரவில்லை. "ஞாயித்துக்கெழம வேலை உண்டா, இல்ல நிறுத்திட்டீங்களா?"

"உங்க பொண்ணு..." என்று ஆபீசர் இழுத்தார்.

"அவதான் கேட்டுட்டு வரச் சொன்னா. கால நீட்டி உக்காந்துக்கிட்டு வீட்டையே கிளாஸ் ரூம் ஆக்கிட்டா சார். எனக்கே டிக்டேஷன் குடுக்கறா. குழிக்குள்ள வேண்டாம், மேல உக்கார வச்சு ஏதாச்சும் வேலை குடுங்க. சீக்கிரமா கூப்பிட்டுக்குங்க, புண்ணியமாப் போகும்."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு மழை பெய்த மறுநாள் நாங்கள் யாரையும் குழியில் இறக்கவில்லை. பாரம் சுவரைத் தள்ளிவிடும் என்பதால், அள்ளிய மண்ணை விளிம்பில் குவிக்கவும் விடவில்லை. வேலை தாமதமாகிறது என்று சிலர் அலுத்துக்கொண்டதுண்டு. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கல் ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இறங்குகிறவரை மட்டும் சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.