விருப்பப் பாடம் என்றொரு கட்டம்

நேற்று பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பக்கத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் காலேஜுக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாள். "ஃபர்ஸ்ட்டு இன்னா பாடம் போடட்டும்மா?" என்றார் கடைக்காரர். மடமடவென்று ஐந்து சொன்னாள். மெஷினிலிருந்து சூடாக வந்த என் காகிதத்தை வாங்கி மோந்து பார்த்தேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வாசனையே இல்லை.

எங்கள் காலத்துக் காலேஜ் பாரத்தில் மண்ணெண்ணெய் மாதிரி மை வாசம் அடிக்கும். கையிலும் ஒட்டும். எண்பதுகளின் கடைசி. பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் பிளஸ் டூ பாஸான முதல் பெண் நான். மார்க்கைக் கேட்காதீர்கள். பாஸ், அவ்வளவுதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனியில் ஹெல்பர். ஒரு நாள் லீவு போட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, என்னைக் காலேஜுக்கு அழைத்துப் போனார்.

ஜன்னலில் இருந்தவர் பாரத்தைத் திருப்பித் தந்தார். "விருப்பப் பாடம் எழுதலியே. ஓரமா போய் எழுதிக்கினு வா."

மரத்தடியில் உட்கார்ந்தோம். "எத எழுதட்டும் நைனா?"

"நான் இன்னாத்த கண்டேன் பாப்பா. உனுக்கு எது புடிக்குதோ அத்த எழுது."

அதுவரை எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. குழம்பில்கூட. நானும் யோசித்ததில்லை. திடீரென்று கேட்டால் எங்கே போய்த் தேடுவது?

வரலாறு என்றால் ராஜா செத்த வருஷம் மறந்துபோகும். விலங்கியலில் தவளை அறுக்கச் சொல்வார்களாம். மீன் கழுவுகிறவளுக்குத் தவளை பெரிதில்லை. அறுத்தபிறகு அதை என்ன செய்வார்கள் என்பதுதான் தெரியவில்லை. கூடப் படித்த ஸ்டெல்லா வரிசையில் நின்றபடியே சொன்னாள். "காமர்ஸ் போடுடி. ஒரே பஸ்ல போய்க்கினு வரலாம்." எழுதத்தான் போனேன். அது அவளுடைய பாடம் என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன்.

ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள். நைனா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு லீவு தர மாட்டான். நீயே வந்து குட்த்துடுவியா?"

"குடுத்துடறேன்."

மறுநாள்தான் கடைசி நாள். தனியாகப் போனேன். அதே மரம், பாரத்தில் அதே காலிக் கட்டம். ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பாரத்தை அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் நைனா கேட்டார். "குட்த்தியா?"

"ம்."

அதன்பிறகு தினமும், சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கேட்பார். "காலேஜ்லேர்ந்து கார்டு வந்துச்சா?"

"வரல நைனா."

ஸ்டெல்லாவுக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. "நமக்கு சிபாரிசுக்கு ஆளு இல்ல பாப்பா. அதான் தூக்கிப் போட்டுட்டானுங்க. உன் மேல தப்பு இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா நைனா" என்றுதான் வந்தது.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனேன். மூன்று வருஷம் கழித்துத் தம்பி பாஸ் செய்தான். என்னைப் போல இல்லை, நல்ல மார்க். பிசிக்ஸ்தான் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். பாரம் வாங்கப் போகிறேன் என்றதும் நைனா தடுத்தார்.

"உங்க அக்கா போய் நின்னாளே, இன்னா ஆச்சு? நம்மளுக்கெல்லாம் தர மாட்டானுங்கடா. அந்த அசிங்கம் ஒரு தபா போதும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் குழம்பில் உப்புப் பார்த்தேன். அடுத்த வாரம் அவனும் ஸ்பிரிங் கம்பெனிக்கே போனான்.

அந்தக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அங்கே அடுக்குமாடி. ஸ்டெல்லா வீட்டார் ஊரைவிட்டு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நைனா போய்ப் பதினோரு வருஷம். படிப்புப் பேச்சு வந்தால் தம்பி தன் பிள்ளைகளிடம் சொல்வான். "உங்க அத்தைக்கே அன்னிக்கு சீட்டு தரல."

அப்போதெல்லாம் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.