முதலையும் மெய்ப்பும்

சனிக்கிழமை பகல் ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் திலகம் அக்கா, குணரெத்தினத்தின் மனைவி. "தம்பி, அவர் போயிட்டார்" என்றார். நான், "சரியக்கா, இன்னும் வந்து சேரல்ல. வந்தவுடன சொல்றன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்லடியிலிருந்து நாவற்குடாவில் உள்ள என் வீட்டுக்கு அவர் சைக்கிளில் வந்து சேர இருபது நிமிடம் ஆகும். பிளேன்ரீக்குத் தண்ணீர் வைத்தேன். கேத்தில் கொதித்து அடங்கிய பிறகுதான் அக்கா சொன்ன சொல் எனக்கு உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, அடுப்பை நிறுத்தினேனா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பினேன்.

நம் வாசகர் வட்டம் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது. முப்பது வருட நூலகர், நல்ல ரசனையின் காவலர், அவரைப் பற்றி அவரோடு நெருங்கிப் பழகிய நீங்கள்தான் எழுத வேண்டும் என்றீர்கள். நெருங்கிப் பழகியவன் என்ற சொல்லைக் கேட்டால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது. எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற கட்டுரையாக இது இராது.

அவருடைய நூலக நாட்களை நீங்களும் அறிவீர்கள். துப்பறியும் கதை கேட்டு வந்தவரை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, கேட்ட புத்தகத்தோடும் அனுப்பியதில்லை. "இத வாசிக்கிறதுக்குக் கண் எதுக்கு? மூடிக்கொண்டே வாசிக்கலாமே" என்பார். மேடையில் ஏறினால் மலிவான சினிமா நம் மனங்களைக் கெடுக்கிறது என்று ஒரு மணி நேரம் குறையாமல் பேசுவார். நீங்கள் கைதட்டுவீர்கள். முன்வரிசையில் இருந்து நானும் தட்டுவேன். அந்தக் கைதட்டலில் எவ்வளவு கள்ளம் இருந்தது என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் ஒரு மாரிகாலம். வாவி நிரம்பி ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தருவதற்காகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் தனிக்கட்டை. மழை நாளில் எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் சட்டைக் கைகளைக் கிழித்து எறிந்த ஒரு தாடிக்காரன், இலை தழையைக் கட்டிய ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றுப் பாலத்தில் ஓடுகிறான். பின்னால் நாலு துவக்குக்காரர், கீழே முதலை. நான் பதறிப்போய் நிறுத்தப் பாய்ந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இரு, இரு மச்சான். அந்தப் பாலம் அறுமா?"

பாலம் அறுந்தது. அவர் நனைந்த சாரத்தோடு படம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தானாகவே வந்து நின்றார். செருப்பைக் கழற்றும்போது, "உனக்காகத்தான் வாறன். தனிய இருந்து இந்தக் கண்டறியாததுகளப் பாத்துப் பழுதாப் போயிருவாய்" என்றார். பதினான்கு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வாசலில் அதையே சொன்னார். எனக்காக ஒரு மனிதர் தன் ரசனையைத் தியாகம் செய்கிறார் என்று நானும் உருகிப்போய் இருந்தேன். நல்லாய்த்தான் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்.

எல்லாம் கையில் காசில்லாதவர்கள் எடுத்த படங்கள். காடு என்றால் மூன்று வாழைமரமும் ஒரு புகைக் குண்டும். ஹெலிகொப்டர் வராது, அதன் காற்று மட்டும் வரும். ஒரே ஆற்றை நாலு தரம் நாலு பக்கத்திலிருந்து கடப்பார்கள். முதலைக்கு வாய் திறக்கும், மூடாது. அந்தப் பெண்களை அப்படி ஓடவிட்டதைப் பார்க்க எங்கள் இருவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த இடம் வந்தால் அவர் கண்ணாடியைத் துடைப்பார், நான் பிளேன்ரீ ஊற்றப் போவேன். துவக்குச் சத்தம் கேட்டதும் இருவரும் பழையபடி இடத்துக்கு வந்துவிடுவோம்.

"நல்ல படத்தில மனுசன் அழுவான். கெட்ட படத்திலதான் மூச்சு விடுவான்" என்பது அவர் சொன்னது. இன்னொன்றும் சொல்வார். எந்தப் படத்திலும் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒரு துணை நடிகன் பாலத்தடியில் சாவான். பத்து நிமிடத்தில் அதே ஆள் ஆற்றங்கரையிலும் சாவான். குணரெத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்து விரலை நீட்டுவார். "அந்தா, இவன் முன்னமே செத்தவன். எழும்பி வந்திட்டான் பார்." அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். யுத்த காலத்தில் வாகரைக் காட்டுக்குப் போய்த் திரும்பி வராத ஒரு தம்பி அவருக்கு இருந்தான். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

முதலை பாயும் இடத்தில் என் இடது மணிக்கட்டை இறுகப் பிடிப்பார். எழுபது வயதிலும் அந்தப் பிடி இரும்பு. அவர் பயப்படுவதைப் பார்த்து எனக்கும் பயம் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் அவர் சொல்லிவிட்டு வருவது, "மெய்ப்புப் பாக்கப் போறன்." நம் வட்டத்தின் சஞ்சிகைக்கு மெய்ப்புத் திருத்துபவர் அவர்தானே. சஞ்சிகை வருடத்துக்கு ஒன்று, மெய்ப்போ கிழமைக்கு ஒன்று. திலகம் அக்காவை வீதியில் கண்டால், எங்கே அவர் கேட்டுவிடுவாரோ என்று நான் ஒழுங்கை மாறிப் போவேன். அவருக்காக நான் சொன்ன பொய்களை ஒரு சஞ்சிகையாகவே போடலாம்.

அந்தப் பௌர்ணமிப் போயா தினக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "நல்ல சினிமாவும் நாமும்" என்று அவர் பேச எழுந்தார். குறிப்புத் தாளை எடுக்கக் கோவையைத் திறந்தபோது ஒரு சீடி உறையோடு வழுக்கி விழுந்தது. வாயைப் பிளந்த முதலை, பக்கத்தில் இலைகட்டிய பெண். மண்டபமே எட்டிப் பார்த்தது. அவர் குனிந்து எடுத்தார், கண்ணாடியைக் கழற்றினார், "இது யாருடையது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மேடையில் நின்ற அந்த மனிதர் உறையில் இருந்த முதலையைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்திருந்தது முன்வரிசையில் இருந்த எனக்குத்தான் தெரிந்தது. "என்னுடையது" என்றேன்.

அன்றிலிருந்து நான் உங்களுக்கு முதலையார். பழைய காலத்து முதலியார் பட்டத்தை ஓர் எழுத்து மாற்றி எனக்குச் சூட்டினீர்கள். பகிடி நல்ல பகிடிதான். அடுத்த சஞ்சிகையில் நன்றி சொன்ன பட்டியலிலும் முதலையார் என்றே அச்சாகி வந்தது. ஒரு புள்ளி தவறினாலும் தூங்காத மனிதர் அதை எப்படி விட்டார் என்று சண்டைக்குப் போனேன். "எல்லாரும் அப்புடித்தானே கூப்பிடுறாங்க. எழுத்துப் பிழை இல்லையே மச்சான்" என்றார். ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். மரண வீட்டு முற்றத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் மஜீது நாநா வந்து இருந்தார். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர். குணரெத்தினம் சாரம் வாங்குவது அவரிடம் என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னார்.

"தம்பி, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விசயம் இரிக்கி. ஒரு மனுசருக்கிட்டயும் சொல்லாதீங்க. செவ்வாக்கிழமையில கடைக்குப் பின்னால இருந்து ரெண்டு பேரும் காட்டுப் படம் பாப்பம். எனக்கு அதில ஒரு பைத்தியம். பாவம், எனக்காகத்தான் வந்து இருப்பாரு."

நான் அவருடைய கையைப் பார்த்தேன். அவர் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன். "முதலை வாற நேரம் பிடிப்பாரா?" நாநா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாடையைப் பார்த்தார்.

எட்டாம் நாள் திலகம் அக்கா வரச் சொன்னார், அவருடைய புத்தகங்களை நூலகத்துக்கு எடுத்துப் போக. நான் மெய்ப்புக் கட்டுகள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் தெரியாத நல்ல பிள்ளை போலக் கேட்டு வைத்தேன். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்.

"மெய்ப்பாம். முதலை வாயப் பிளக்கிறதுக்கு என்ன மெய்ப்பு, தம்பி? நானும்தானே பாக்கிற. வெள்ளிக்கிழமை கோயிலால வந்து, சாப்பிட்டு, இந்தக் கதிரையில இருந்து பாப்பம். எனக்கு ஆசையெண்டுதான் அவர் போடுறவர். அவருக்கு அதில விருப்பமில்ல, பாவம்."

"அப்ப சனிக்கிழமை?"

"உங்கட மனம் நோகப்படாதெண்டு வாறவர். கடைசி வெள்ளிக்கிழமை, உங்களுக்குப் பென்ட்ரைவில ஏத்தித் தந்த அதே படத்த இங்க பாத்து முடிச்சிட்டு என்ன சொன்னவர் தெரியுமா? நாளைக்கு அவனுக்கிட்டப் போய் இதுக்கு இன்னொருக்காப் பயப்பிடோணும் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

அந்தப் படத்தை நான் தொடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். போன கிழமையே தந்துவிட்டு, "நான் இல்லாமத் தொடாத" என்று கட்டளை போட்டுப் போனவர் அவர். அந்தச் சனிக்கிழமை முதல் காட்சியில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தவன் நான். செவ்வாய் நாநாவுக்கு, வெள்ளி அக்காவுக்கு, சனி எனக்கு. பதினான்கு வருடம் எனக்குக் கிடைத்தது மூன்றாம் காட்சி. பாலம் அறும் என்று தெரிந்துகொண்டே "அறுமா மச்சான்?" என்று கேட்டிருக்கிறார். முதலை வரும் நிமிடம் தெரிந்துகொண்டே என் கையைப் பிடித்திருக்கிறார். அந்தப் பயத்துக்காக நான் மண்டபத்தில் எழுந்து என் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். ஏமாந்துபோனேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு கிழமை அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரையையும் மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நாநா தொலைபேசி எடுத்தார். "தம்பி, தனிய இருந்து பாத்தன். படம் சரியில்ல" என்றார். உடனே வைத்துவிட்டார். சனிக்கிழமை நானும் நிறுத்தி வைத்த படத்தை ஓடவிட்டேன். படுமோசமான படம். காடு வாழைத்தோட்டம் என்பது குழந்தைக்கும் தெரியும். சிவப்புத் துணிக்காரன் பாலத்தடியில் செத்தான். ஆற்றங்கரையில் எழும்பி வந்தான். "அந்தா" என்று சொல்ல ஆளில்லை. முதலை வந்தது, நான் கொட்டாவி விட்டேன். பதினான்கு வருடத்தில் ஒரு படம்கூட எனக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தக் கொட்டாவியோடுதான் தெரிந்தது. எனக்காக வருகிறேன் என்று அவர் சொன்னது பொய். அவருக்காகத்தான் நான் பார்த்தேன். நாநாவும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். அக்காவிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே, நண்பர்களே, பதினொரு வருடத்துக்குப் பிறகு சொல்கிறேன். அந்தச் சீடி அவருடையது. உங்கள் நல்ல ரசனையின் காவலர் அதை எனக்குத் தருவதற்காகக் கோவைக்குள் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். இதைச் சொன்னதற்காக என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்குச் செய்ததை விட நான் அவருக்குச் செய்தது குறைவு.

அவருடைய பயத்தை நாநாவும் அக்காவும் என்னோடு பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்தப் பிடியும் எனக்கு மட்டும் உரியதல்ல. எனக்கு மட்டும் என்று அவரால் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதை நான் யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை. இந்தக் கட்டுரையின் அடியில் என் பெயரைப் போட வேண்டாம். நான் எழுதியிருப்பதைப் போலவே போடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் தயவுசெய்து திருத்த வேண்டாம், எழுத்துப் பிழை இல்லை.

முதலையார்
நாவற்குடா